தொண்டைப் புற்றுநோய் எங்கே பிறந்தது? சிடி ஸ்கேனில் பிறப்பிடம் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

குரல்வளையின் முன்சுவராக இருக்கும் தைராய்டு குருத்தெலும்பின் உட்பக்க ஓரத்தை மட்டும் அரித்திருக்கும் ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குரல்வளையில் பிறந்தது என்றால், புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. (அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு) விதிகளின், 2018இல் நடைமுறைக்கு வந்த 8ஆம் பதிப்பின்படி அதன் நிலை டி3. அதே கட்டி, அதே அளவு, அதே அரிப்பு. பிறந்த இடம் மட்டும் குரல்வளையை ஒட்டியிருக்கும் பைரிஃபார்ம் சைனஸ் என்ற குழி என்றால் டி4ஏ, அதாவது இன்னும் முற்றிய நிலை. கதிர்வீச்சு எதுவரை போக வேண்டும், குரல்வளையைக் காப்பாற்ற முடியுமா, கழுத்தின் எந்த நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) சிகிச்சை தேவை என்ற கேள்விகளுக்கெல்லாம் அதோடு பதில் மாறிவிடும். அதனால்தான் “தொண்டையில் கட்டி இருக்கிறது” என்று முடிந்துவிடும் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

கதிரியக்கவியல் பயிலும் இளம் மருத்துவர்களையும், ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்களையும், காது மூக்கு தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து, கையில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவர்களும் நிதானமாகப் படித்தால் பெரும்பகுதி புரியும். ஆனால் இதை வைத்துத் தாங்களாகவே முடிவுக்கு வந்துவிட வேண்டாம்; மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும், அவ்வளவே.

கட்டி இப்போது இருக்கும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. முதலாவதைப் படம் நேரடியாகக் காட்டும். இரண்டாவதைக் கட்டி வந்த வழியைப் பின்னோக்கி நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வழியைக் காட்டும் தடயம் பெரும்பாலும் கொழுப்பு. சிடியில் தசை சாம்பல் நிறம், கட்டியும் ஏறக்குறைய அதே சாம்பல் நிறம். இரண்டுக்கும் நடுவே கறுப்பாகத் தெரிவது கொழுப்பு. எந்தக் கொழுப்பு அழிந்திருக்கிறது, எது நகர்ந்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வரைபடம்

தொண்டை என்று பேச்சில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நான்கு வீடுகள். மண்டையோட்டின் அடியிலிருந்து மென் அண்ணம் வரை மூக்குத்தொண்டை. மென் அண்ணத்திலிருந்து, நாக்குக்குக் கீழே கழுத்திலுள்ள ஹையாய்டு எலும்பு வரை வாய்த்தொண்டை; டான்சில்கள், நாக்கின் அடிப்பகுதி, மென் அண்ணம், பின்சுவர், நாக்கடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவிலுள்ள வாலிகுலா என்ற பள்ளம் எல்லாம் இதற்குள் வரும். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு இதில் சேராது, அது வாய்க்குழி. ஹையாய்டிலிருந்து, குரல்வளையின் அடியில் வளையமாக இருக்கும் கிரிக்காய்டு குருத்தெலும்பின் கீழ் விளிம்பு வரை கீழ்த்தொண்டை. இருபுறமும் இரண்டு பைரிஃபார்ம் சைனஸ்கள், பின்சுவர், கிரிக்காய்டின் பின்பகுதி. இவற்றுக்கு முன்னால் குரல்வளை. குரல்வளைக்குள் குரல்நாணுக்கு மேல், குரல்நாண், குரல்நாணுக்குக் கீழ் என்று மூன்று தளங்கள்.

எல்லைத் தகராறு வரும் இடம் ஆரியெபிகிளாட்டிக் மடிப்பு. இது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். உட்புறம் குரல்வளையைச் சேர்ந்தது, வெளிப்புறம் பைரிஃபார்ம் சைனஸின் உட்சுவர். இந்தச் சுவரின் எந்த முகத்தில் கட்டி முளைத்தது என்பதே பல சமயம் முழு விவாதமும்.

படி 1: ஸ்கேனுக்கு முன்பே பாதித் தகவலைச் சேகரியுங்கள்

நோயாளி சொல்வதைக் கேட்காமல் படத்தைத் திறக்கக் கூடாது. குரல் கம்மலே முதல் தொந்தரவு என்றால் குரல்நாணை நினைக்க வேண்டும். அங்கே சிறு கட்டியும் குரலை மாற்றிவிடும். காதில் ஒரு குறையும் இல்லாமல் ஒரு பக்கக் காதுவலி வந்தால் வாய்த்தொண்டையையும் கீழ்த்தொண்டையையும் தேட வேண்டும். நாவுத் தொண்டை நரம்பும் வேகஸ் நரம்பும் தொண்டைக்கும் காதுக்கும் கிளை கொடுப்பதால், தொண்டையின் வலி காதில் உணரப்படுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டு நீர் கோத்திருந்தால் மூக்குத்தொண்டையைப் பார்க்காமல் விடவே கூடாது. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவும் விழுங்குவதில் சிரமமும் சேர்ந்திருந்தால் கிரிக்காய்டின் பின்பகுதியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன்.

எண்டோஸ்கோப்பியில் என்ன தெரிந்தது என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கோப் மேற்பரப்பைப் பார்க்கும், சிடி ஆழத்தைப் பார்க்கும். சளிச்சவ்வில் மட்டும் படர்ந்த மெல்லிய கட்டி சிடியில் தெரியாமலே போகலாம். சவ்வுக்கு அடியில் ஊர்ந்து போன கட்டி ஸ்கோப்பில் தெரியாமல் போகலாம். பைரிஃபார்ம் சைனஸின் கீழ்முனை, மெய்க்குரல்நாணுக்கும் அதற்கு மேலுள்ள மடிப்பான பொய்க்குரல்நாணுக்கும் இடையிலுள்ள வென்ட்ரிகிள் பள்ளம், குரல்நாணுக்குக் கீழ்ப்பகுதி, கிரிக்காய்டின் பின்புறம் ஆகியவை ஸ்கோப்புக்கு எட்டாத மறைவிடங்கள்.

முடிந்தவரை பயாப்ஸிக்கு முன்பே சிடி எடுத்துவிட வேண்டும். சதை எடுத்த இடத்தில் வீக்கமும் இரத்தக்கசிவும் வந்துவிட்டால் எது கட்டி, எது வீக்கம் என்று பிரிக்க முடியாது. பயாப்ஸி முடிந்துவிட்டது என்றால் எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று கோரிக்கைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சிறுநீரகச் செயல்பாடு, படத்தில் திசுக்களை எடுத்துக்காட்ட ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்பு ஒவ்வாமை, கர்ப்பம், மெட்ஃபார்மின் மாத்திரை பற்றிய வழக்கமான கேள்விகள் இங்கேயும் உண்டு. தைராய்டு புற்றுநோய் சந்தேகமிருந்தால் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட், பின்னால் தேவைப்படக்கூடிய கதிரியக்க அயோடின் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கும் என்பதையும் சிகிச்சை மருத்துவரோடு பேசிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது மூச்சு. மூச்சு விடும்போது சத்தம் வருகிறது, மல்லாந்து படுத்தால் திணறுகிறது என்றால் அந்த நோயாளியை அப்படியே மேசையில் படுக்க வைக்கக் கூடாது. மூச்சுப்பாதையைப் பாதுகாக்கத் தெரிந்த மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே ஸ்கேன்.

படி 2: படம் எடுக்கும் முறை

சரியாக எடுக்காத படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிறப்பிடம் தெரியாது. மண்டையோட்டின் அடிப்பகுதி முழுவதும் அடங்குமாறு தொடங்கி, மகாதமனி வளைவு வரை போக வேண்டும். மேலே குறைத்தால் மூக்குத்தொண்டை போய்விடும். கீழே குறைத்தால் இடது குரல்நாண் நரம்பு வளைந்து திரும்பும் இடம் போய்விடும். அந்த நரம்பு மகாதமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. குரல்நாண் செயலிழப்புக்குக் காரணம் மார்புக்குள் இருந்தால் அங்கேதான் தெரியும்.

கழுத்தைச் சற்று நிமிர்த்தி, தோள்களைக் கீழே இறக்கி, அமைதியாக மூச்சு விடச் சொல்லுங்கள். எச்சில் விழுங்கக் கூடாது என்று முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். ஒருமுறை விழுங்கினால் குரல்வளைப் படம் முழுவதும் மங்கிவிடும். கான்ட்ராஸ்ட் ஏற்றிய உடனே எடுத்தால் இரத்தக் குழாய்கள் மட்டும் பளிச்சென்று தெரியும், கட்டி மருந்தை உறிஞ்சியிருக்காது. 70 முதல் 90 வினாடி வரை பொறுத்து எடுப்பதும், மருந்தை இரண்டு தவணையாகப் பிரித்து ஏற்றுவதும் வழக்கத்தில் உள்ளவை. ஸ்லைஸ் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். குரல்வளைக்குக் குரல்நாணின் தளத்துக்கு இணையாகப் படத்தைத் திருத்தி அமைக்க வேண்டும். சாய்ந்த ஸ்லைஸில் ஒரு பக்கம் பொய்க்குரல்நாணும் மறுபக்கம் மெய்க்குரல்நாணும் தெரிந்து, இல்லாத கட்டி இருப்பதுபோல் காட்டும்.

பலரும் தவிர்த்துவிடும் இரண்டு சிறு பயிற்சிகளை நான் வற்புறுத்துவேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு, பலூன் ஊதுவதுபோல் கன்னத்தை உப்பச் செய்து, கீழ்த்தொண்டைக்கு மட்டும் ஒரு குறுகிய சுற்று. ஒட்டிக்கிடக்கும் பைரிஃபார்ம் சைனஸ்கள் காற்றால் விரியும், கிரிக்காய்டின் பின்புறமும் பின்சுவரும் பிரிந்து தெரியும். “ஈ...” என்று நீட்டிச் சொல்லவைத்து இன்னொரு சுற்று எடுத்தால் குரல்நாண்கள் நடுவில் சேர்வதும் வென்ட்ரிகிள் பள்ளமும் தெளிவாகும். பல்லில் உலோக அடைப்பு இருந்து டான்சில் பகுதியில் கோடுகள் விழுந்தால், வாயைத் திறந்தோ கோணத்தை மாற்றியோ அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஒவ்வொரு கூடுதல் சுற்றும் கூடுதல் கதிர்வீச்சு என்பதால், கேள்வி எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு படத்தை நான் தவறாகப் படித்தேன். பைரிஃபார்ம் சைனஸ் மூடியிருந்தது. கட்டி ஆரியெபிகிளாட்டிக் மடிப்பில் பிறந்தது என்று எழுதினேன். கன்னத்தை உப்ப வைத்து மறுபடி எடுத்தபோது சைனஸின் உட்சுவர் முழுவதும் கரடுமுரடாக இருந்தது, மடிப்பின் குரல்வளைப் பக்கம் வழவழப்பாக இருந்தது. அரை நிமிட வேலை அது. முதல் தடவையே செய்திருக்க வேண்டும்.

படி 3: கட்டியைக் கடைசியாகப் பாருங்கள்

கண் நேராகக் கட்டிக்குத்தான் ஓடும். அதைத் தடுத்து, முதலில் நோயில்லாத பக்கத்தைப் பாருங்கள். டான்சில் எவ்வளவு, கொழுப்புக் கோடு எங்கே, சைனஸின் முனை எங்கே என்று மனத்தில் பதித்துக்கொண்டு பிறகு மறுபக்கம் வாருங்கள். குறுக்குவெட்டு, முன்பின் நெடுக்குவெட்டு (சஜிட்டல்), முகப்பு நெடுக்குவெட்டு (கொரோனல்) மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைக்க வேண்டும். விண்டோவை (படத்தின் கறுப்பு வெள்ளை அளவு அமைப்பை) மாற்றி, மென்திசுவுக்கு ஒரு முறை, குறுகிய விண்டோவில் ஒரு முறை, எலும்பு விண்டோவில் ஒரு முறை. சாதாரண விண்டோவில் தெரியாத டான்சில் வேறுபாடு குறுகிய விண்டோவில் தெரிந்துவிடும்.

படி 4: தொண்டைப்பக்கக் கொழுப்பு எந்தத் திசையில் தள்ளப்பட்டிருக்கிறது?

மண்டையோட்டின் அடியிலிருந்து ஹையாய்டு வரை தொண்டையின் இரு பக்கமும் முக்கோணமாக ஒரு கொழுப்புப் பட்டை இறங்குகிறது. அதற்குள் பெரும்பாலும் கொழுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை; அங்கேயே கட்டி பிறப்பது அரிது. ஆனால் அக்கம்பக்கத்தில் எது வளர்ந்தாலும் அதை நகர்த்திவிடும். நகர்ந்த திசையிலிருந்து தள்ளியவர் யார் என்று தெரிகிறது.

தொண்டையின் சளிச்சவ்விலிருந்து வளரும் கட்டி இந்தக் கொழுப்பை வெளிப்பக்கமாகத் தள்ளும். டான்சில், மூக்குத்தொண்டைப் புற்றுநோய்கள் இப்படித்தான். மெல்லும் தசைகளின் அறையில் பிறந்தது பின்னோக்கி உட்புறமாகத் தள்ளும். காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிட்டின் ஆழமான மடலிலிருந்து வந்தால் உட்புறமாக, சற்று முன்னோக்கித் தள்ளும். கரோட்டிட் தமனி இருக்கும் அறையிலிருந்து வந்தால் கொழுப்பு முன்னால் போகும். முதுகெலும்புக்கு முன்னுள்ள தசையே முன்னோக்கித் தூக்கப்பட்டிருந்தால் நோய் தசைக்குப் பின்னால், எலும்பிலிருந்து வருகிறது என்று பொருள்.

ஸ்கோப்பில் டான்சில் உள்நோக்கிப் புடைத்திருக்கும், சவ்வு வழவழவென்று இருக்கும். டான்சில் புற்றுநோய் என்று அனுப்புவார்கள். சிடியில் கொழுப்புப் பட்டை டான்சிலுக்கும் கட்டிக்கும் நடுவில் உட்புறமாக ஒதுங்கி நிற்கும். அப்படியானால் அது பரோட்டிட் ஆழ்மடலிலிருந்து வந்து டான்சிலைத் தள்ளிக்கொண்டு நிற்கும் கட்டி. வாய்வழியாகக் கத்தி வைத்தால் ஆபத்து. கறுப்பாக ஒரு கோடு தெரிந்ததால் மட்டுமே அந்தத் தவறு தவிர்க்கப்படுகிறது.

கொழுப்பு நகர்வதும் அழிவதும் வேறு வேறு. நகர்ந்த கொழுப்பின் ஓரம் கூர்மையாக இருக்கும். ஊடுருவப்பட்டால் ஓரம் மங்கி, கறுப்பு சாம்பலாகும். பிறப்பிடத்தை நகர்வு சொல்லும், கட்டியின் குணத்தை அழிவு சொல்லும்.

படி 5: குரல்வளையா, கீழ்த்தொண்டையா?

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் தளத்தை அடையாளம் காணுங்கள். கொழுப்பு நிறைந்த சுவர் தெரிந்தால் அது பொய்க்குரல்நாணின் தளம். கொழுப்பு மறைந்து தசை நிறைந்து, அரிட்டினாய்டும் (குரல்நாணின் பின்முனை பிணைந்திருக்கும் சிறு குருத்தெலும்பு) கிரிக்காய்டும் சேரும் மூட்டு தெரிந்தால் அது மெய்க்குரல்நாணின் தளம். கிரிக்காய்டு முழு வளையமாகத் தெரிந்தால் குரல்நாணுக்குக் கீழே வந்துவிட்டீர்கள். அந்த வளையத்துக்குள் காற்றுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே தடிப்பாக எதுவும் இருக்கக் கூடாது. குரல்நாண்கள் முன்னால் சேரும் இடத்திலும் காற்று ஏறக்குறையக் குருத்தெலும்பைத் தொட வேண்டும். அங்கே தடித்திருந்தால் நோய் நடுக்கோட்டைக் கடந்திருக்கிறதா என்று சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு பிறப்பிடத்துக்கும் பிடித்தமான வழி ஒன்று உண்டு. குரல்வளை மூடியில் பிறந்தது அதற்கு முன்னாலுள்ள கொழுப்பை முதலில் நிரப்பும். மூடியின் குருத்தெலும்பில் இயற்கையாகவே சிறு துளைகள் உண்டு, அவற்றின் வழியே நோய் முன்னால் நுழைகிறது. பொய்க்குரல்நாணில் பிறந்தது பக்கத்துக் கொழுப்பில் இறங்கும். மெய்க்குரல்நாணில் பிறப்பவை பெரும்பாலும் முன்பாதியில் தொடங்கி, முன்சந்திப்புக்குப் போய், அங்கிருந்து கீழேயும் குருத்தெலும்புக்குள்ளும் நுழையும்.

பைரிஃபார்ம் சைனஸில் பிறந்தது பின்வாசல் வழியாக வருகிறது. தைராய்டு குருத்தெலும்பின் பின்விளிம்புக்கும் அரிட்டினாய்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது அகன்று, அதில் கட்டி நிரம்பி, குரல்வளைப் பக்கக் கொழுப்பு பின்னாலிருந்து முன்னோக்கி அழிந்து வந்திருந்தால், குரல்நாண் எவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தாலும் பிறப்பிடம் பைரிஃபார்ம் சைனஸ் என்றே முதலில் நினைக்க வேண்டும். கொழுப்பு முன்னாலிருந்து பின்னோக்கி அழிந்து, பின்மூலையில் ஒரு கறுப்புத் துணுக்கு மிச்சமிருந்தால் பிறப்பிடம் குரல்வளை. சைனஸின் வெளிச்சுவரில் பிறந்தவை தைராய்டு குருத்தெலும்பின் பின்பகுதியைச் சீக்கிரமே அரிக்கும். உட்சுவரில் பிறந்தவை மடிப்புக்குள்ளும் குரல்வளைக்குள்ளும் நுழைந்து அரிட்டினாய்டை அசையவிடாமல் செய்யும்.

உப்பிய கன்னத்தோடு எடுத்த படம் இங்கே தீர்ப்புக்கு மிக நெருங்கி வரும். சைனஸ் வழவழப்பாக விரிந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது, கட்டி உள்ளிருந்து தள்ளுகிறது. விரியாமல் ஒட்டிக்கொண்டு, ஓரம் ஒழுங்கற்று இருந்தால் சவ்விலேயே நோய்.

மேலும் கீழும் பரவிய பெரிய கட்டியில் முகப்பு நெடுக்குவெட்டில் வென்ட்ரிகிளின் காற்றுக்கோட்டைத் தேடுங்கள். அது கீழே அமுக்கப்பட்டிருந்தால் நோய் மேலிருந்து இறங்கியிருக்கிறது. மேலே தூக்கப்பட்டிருந்தால் கீழிருந்து ஏறியிருக்கிறது. கோடே காணவில்லை என்றால் கட்டியின் பெரும்பகுதி எந்தத் தளத்தில் என்று பாருங்கள். ஆனால் பருமனை மட்டும் நம்ப வேண்டாம். எதிர்ப்பு குறைந்த பக்கம்தான் கட்டி பெருக்கும். பிறந்த வீடு சிறியதாகவும் குடிபோன வீடு பெரியதாகவும் இருக்கலாம்.

குருத்தெலும்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தைராய்டு குருத்தெலும்பு வயதோடு திட்டுத் திட்டாக எலும்பாகிறது. எலும்பாகாத பகுதி சிடியில் கட்டியைப் போலவே சாம்பலாகத் தெரியும். குருத்தெலும்பு வெளுத்துத் தடிப்பது பக்கத்தில் வீக்கம் இருந்தாலும் வரும், நோயே இல்லாதவர்களின் அரிட்டினாய்டிலும் வரும். அரிப்பும், குருத்தெலும்பைத் தாண்டி வெளியே வந்த கட்டியும்தான் உறுதியான சான்று. இரட்டை ஆற்றல் சிடி இருந்தால் அயோடின் படத்தைப் பாருங்கள்: எலும்பாகாத குருத்தெலும்பு மருந்தை ஏற்காது, கட்டி ஏற்கும்.

கட்டி குருத்தெலும்புக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறதா என்றும் பாருங்கள். தைராய்டு சுரப்பியின் புற்றுநோய் குரல்வளைக்குள் நுழைந்து, குரல்வளைப் புற்றுநோய் போலத் தோன்றுவதுண்டு. கிரிக்காய்டின் பின்தகட்டிலேயே சோளப்பொரி போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளோடு உருண்டு நின்றால் அது சவ்வில் பிறந்ததே அல்ல, குருத்தெலும்பில் பிறந்த கட்டி.

படி 6: நாக்கடி, டான்சில், மூக்குத்தொண்டை

நாக்கடியா, குரல்வளை மூடியா என்ற சந்தேகம் முன்பின் நெடுக்குவெட்டில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நாக்கடியில் பிறந்தது வாலிகுலாவை மேலிருந்து நிரப்பி, மூடியைப் பின்னால் சாய்க்கும். மூடியில் பிறந்தது முதலில் தன் முன்கொழுப்பை நிரப்பும், வாலிகுலாவில் கொஞ்சம் காற்று மிஞ்சியிருக்கும். நாக்கடியில் நிணத்திசு இயல்பாகவே மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், ஆழத்தில் தசைகளுக்கு நடுவிலுள்ள கொழுப்புக் கோடுகள் அழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேற்பரப்பின் மேடு நம்மை ஏமாற்றும், ஆழத்தின் கோடு அவ்வளவாக ஏமாற்றாது.

டான்சிலில் பிறந்தது நாக்குக்கும் டான்சிலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியாக நாக்கடிக்கு இறங்கும். மென் அண்ணத்துக்கும் ஏறும். கடைவாய்ப்பல்லுக்குப் பின்னுள்ள முக்கோணத்தில் பிறந்ததும் டான்சிலின் முன்தூணைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் தாடை எலும்பின் முன்விளிம்பு அரிக்கப்பட்டிருந்தால் வாய்க்குழிப் பிறப்பின் பக்கம் சாயுங்கள்.

மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குப் பிடித்தமான இடம், அதன் பக்கச்சுவரின் பின்மூலையிலுள்ள ரோசென்முல்லர் பள்ளம். இரு பக்கமும் சமமில்லாமல் இருப்பது இயல்பே. ஆனால் ஒரு பக்கப் பள்ளம் அடைபட்டு, அதே பக்கக் காதெலும்பில் நீர் கோத்து, தொண்டையின் பின்சுவருக்குப் பின்னாலுள்ள பின்தொண்டை நெறியும் பெரிதாகியிருந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றன. மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜைக்குள் போயிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். இந்தப் பகுதிக்கும் நாக்கடிக்கும் சிடியோடு நிற்காதீர்கள்.

படி 7: நெறிகளிலிருந்து பின்னோக்கி நடத்தல்

ஒவ்வொரு வீட்டின் நிணநீரும் தனக்கென்று ஒரு வாய்க்காலில் ஓடுகிறது. தாடை மூலைக்குக் கீழுள்ள 2ஆம் நிலை நெறி வாய்த்தொண்டையின் முதல் நிறுத்தம். நாக்கடி, மென் அண்ணம், குரல்நாணுக்கு மேற்பகுதி ஆகியவை நடுக்கோட்டை ஒட்டியவை என்பதால் இரு பக்கமும் நெறி கட்டும். கீழ்த்தொண்டையின் நோய் 2, 3, 4ஆம் நிலைகளில் வரிசையாகக் கட்டும். பிறப்பிடம் சிறிதாயிருக்கும்போதே நெறி பெரிதாகிவிடுவதும் இங்கே சகஜம். மூக்குத்தொண்டையின் நோய் பின்தொண்டை நெறிக்கும், 2ஆம் நிலைக்கும், கழுத்தின் பின்முக்கோணமான 5ஆம் நிலைக்கும் போகும். மெய்க்குரல்நாணுக்கு நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. குரல்நாணில் சிறு கட்டியோடு பெரிய நெறியும் இருந்தால் நோய் குரல்நாணைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது வேறொரு பிறப்பிடம் இருக்க வேண்டும். குரல்நாணுக்குக் கீழே பிறந்தது கழுத்தின் முன்நடுவிலுள்ள 6ஆம் நிலைக்கு வடியும். காறை எலும்புக்கு மேல் தனியாக ஒரு நெறி இருந்தால், அதுவும் இடப்பக்கம் என்றால், மார்பிலும் வயிற்றிலும் தேட வேண்டும்.

குறுகிய அச்சில் 10 மி.மீ. தாண்டினால் பொதுவாகச் சந்தேகம், பின்தொண்டை நெறி என்றால் 5 மி.மீ. தாண்டினாலே சந்தேகம். ஆனால் அளவைவிட உள்ளமைப்பு முக்கியம்: நடுவில் திசு அழிந்து கறுத்திருந்தால் சிறிய நெறியும் நோயுற்றதே. பின்தொண்டை நெறியைக் கையால் தடவிக் கண்டுபிடிக்கவே முடியாது. படம்தான் ஒரே வழி.

பெரியவரின் கழுத்தில் 2ஆம் நிலையில் நீர் நிறைந்த பை போன்ற வீக்கம் தெரிந்தால், பிறவியிலேயே வந்த நீர்க்கட்டி என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். டான்சிலிலோ நாக்கடியிலோ எச்.பி.வி. வைரஸால் வரும் புற்றுநோயின் நெறி பல சமயம் அப்படித்தான் இருக்கும். தைராய்டு புற்றுநோயின் நெறியும் நீர் கோத்திருக்கலாம். அதில் சுண்ணாம்புத் துகள்கள் இருந்தால் சுரப்பியைப் பாருங்கள். அழிவில்லாமல், ஒரே சீராக, பெரிது பெரிதாகப் பல நெறிகளும் டான்சில் வீக்கமும் இருந்தால் நிணநீர்ப் புற்றுநோய் என்ற எண்ணமும் வர வேண்டும்.

படி 8: நெறி மட்டும் இருக்கிறது, பிறப்பிடம் தெரியவில்லை

இது நோயாளியையும் மருத்துவரையும் ஒருசேர வாட்டும் நிலை. சிடியில் மறுபடி தேட வேண்டிய இடங்கள் இவை: நெறி இருக்கும் பக்கத்து டான்சில், நாக்கடி, ரோசென்முல்லர் பள்ளம், பைரிஃபார்ம் சைனஸின் கீழ்முனை. பிறகும் தெரியாவிட்டால் வரிசை முக்கியம். பெட் சிடி (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) முதலில், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் பிறகு. வரிசை மாறினால் காயம்பட்ட இடமெல்லாம் பெட் படத்தில் ஒளிரும். டான்சில்கள் இயல்பாகவே கொஞ்சம் ஒளிரும் என்பதால் இரு பக்க வேறுபாடே அங்கே பொருளுள்ளது.

நெறியிலிருந்து ஊசியால் எடுத்த திசுவும் பேசும். எச்.பி.வி. நோயின் அடையாளமான பி16 புரதம் இருந்தால் வாய்த்தொண்டையை நோக்கியும், எப்ஸ்டீன் பார் வைரஸின் தடயம் இருந்தால் மூக்குத்தொண்டையை நோக்கியும் கை காட்டுகிறது. பிறப்பிடம் கண்ணில் படாவிட்டாலும் 8ஆம் பதிப்பு அந்தந்த வீட்டின் கணக்கில்தான் நோயின் நிலையை வகுக்கிறது. இந்த முடிவோடு சிடியை இன்னொரு முறை திறந்து பாருங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு முதல் முறை தெரியாத சிறு தடிப்பு தெரிவதுண்டு.

படி 9: ஏமாற்றும் தோற்றங்கள்

செயலிழந்த குரல்நாண் இருக்கும் பக்கத்தில் பைரிஃபார்ம் சைனஸும் வென்ட்ரிகிளும் விரிந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கும் மறுபக்கத்தைக் கட்டி அடைத்திருக்கிறது என்று படிப்பவர்கள் உண்டு. ஒரு பக்க டான்சில் முன்பே அகற்றப்பட்டிருந்தால் மிச்சமிருப்பது பெரிதாகத் தெரியும். பழைய அறுவைச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். கதிர்வீச்சுக்குப் பின் சவ்வும் கொழுப்பும் வீங்கி எல்லைக் கோடுகள் கலைந்துவிடும். அந்தப் படத்திலிருந்து முதல் பிறப்பிடத்தைச் சொல்ல முயல வேண்டாம், சிகிச்சைக்கு முந்தைய படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படி 10: ரிப்போர்ட்டை எழுதுதல்

பிறப்பிடத்தை முதல் வரியில் எழுதுங்கள், எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்து. ஆதாரத்தை அடுத்த வரியில் வையுங்கள். “வலது பைரிஃபார்ம் சைனஸின் உட்சுவரில் பிறந்ததாக உறுதியாகக் கருதப்படுகிறது, தைராய்டு குருத்தெலும்புக்கும் அரிட்டினாய்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அகன்றுள்ளது, குரல்வளைப் பக்கக் கொழுப்பு பின்னாலிருந்து அழிந்துள்ளது, கன்னம் உப்பிய நிலையிலும் சைனஸ் விரியவில்லை” என்று எழுதினால் படிப்பவர் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். குரல்நாண் அசைகிறதா என்பதை ஸ்கோப் சொல்லட்டும். சிடியை வைத்து அதைத் தீர்மானிக்காதீர்கள்.

தீர்மானிக்க முடியவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகளையும் எழுதி, எதைப் பார்த்தால் தீரும் என்பதையும் எழுதுங்கள்: “மடிப்பின் குரல்வளைப் பக்கச் சவ்வை எண்டோஸ்கோப்பியில் பார்க்கவும்” என்ற ஒரு வரி, ஸ்கோப் பிடிப்பவரின் கண்ணைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். அவர் பார்த்துச் சொன்னதும் படத்தோடு மறுபடி ஒப்பிட்டு, தேவையானால் திருத்த ரிப்போர்ட் கொடுக்கத் தயங்கக் கூடாது.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் மையத்தில் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஃபிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில தடித்த ஸ்லைஸ்கள். மெல்லிய ஸ்லைஸ்களோடு முழு டைகாம் படங்களையும் (ஸ்கேனின் அசல் கணினிக் கோப்புகள்) குறுந்தகட்டிலோ இணைப்பாகவோ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு மருத்துவர் பார்க்கும்போது படத்தைத் திருப்பி, சாய்த்து, அந்தக் கொழுப்புக் கோட்டை அவரே தேடிப் பார்க்க அது இருந்தால்தான் முடியும்.